பட்டாளத்தை விட்டு வரும்போது எந்தப் படிப்பு, எந்தப் பயிற்சி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் மாவட்டத்தில் எங்கள் பக்கத்து ஊர்களில் பட்டாளத்துக்கு ஆள் போகாத தெரு கிடையாது. கணியம்பாடிப் பக்கம் இருக்கும் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். நான் 24 வருடம் ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் இருந்து ஹவில்தாராக வெளியே வந்தவன். லீவில் வரும் தம்பிகள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என்னிடம் கேட்கும் கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். சிப்பாய் முதல் சுபேதார் வரை உள்ளவர்களை மனதில் வைத்து எழுதியது. அதிகாரிகளுக்கு வழிகள் வேறு.

அண்ணே, பென்ஷன் வர இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. இப்போதே யோசிக்க வேண்டுமா?

இப்போது யோசித்தால்தான் உண்டு. யூனிஃபார்மில் இருக்கும் கடைசி இரண்டு வருடம் மாதிரி ஒரு காலம் திரும்ப வராது. மாதச் சம்பளம் வருகிறது, சாப்பாட்டுக் கவலை இல்லை, படிப்புக்கு அரசாங்கமே பணம் கட்டுகிறது. வெளியே வந்த மறு மாதத்திலிருந்து வீட்டு வேலை, தங்கை கல்யாணம், கிணற்று மோட்டார் என்று ஒவ்வொன்றாக வந்து நிற்கும். அப்போது புத்தகத்தைத் திறந்து உட்காருவது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. மத்திய அரசு வேலைகளுக்கு, விண்ணப்பக் கடைசி நாளிலிருந்து ஓராண்டுக்குள் ஓய்வு பெறப்போகிறவர்களும் முன்னாள் படைவீரர் பிரிவில் விண்ணப்பிக்கலாம். ஓய்வு தேதியைக் குறிப்பிட்டு யூனிட்டில் சான்றிதழ் வாங்க வேண்டும், அவ்வளவுதான். இது தெரியாமல் டிஸ்சார்ஜ் ஆன பிறகு விண்ணப்பிக்கத் தொடங்கி ஒரு வருடத்தை இழந்தவர்கள் நிறையப் பேர்.

எந்தக் கோர்ஸ் நல்ல கோர்ஸ்?

இந்தக் கேள்வியைத் தலைகீழாகக் கேளுங்கள். எந்த வேலை, எந்த ஊரில், என்ன சம்பளத்துக்கு? முதலில் அதை முடிவு செய்யுங்கள். பிறகு அந்த வேலைக்கான அறிவிப்பை, ஒன்றல்ல, ஐந்தாறு அறிவிப்புகளைத் தேடி எடுங்கள். "கல்வித் தகுதி" என்று போட்டிருக்கும் வரியைப் பென்சிலால் கோடு போட்டுப் படியுங்கள். அந்த வரியில் இருக்கும் சான்றிதழைத் தருகிற கோர்ஸ்தான் உங்களுக்கு நல்ல கோர்ஸ். அந்த வரியில் இல்லாத சான்றிதழை எவ்வளவு பெரிய கட்டடத்தில் வைத்துக் கொடுத்தாலும் அதனால் உங்களுக்குப் பயன் இல்லை.

நம் ஆட்கள் பெரும்பாலும் எதிர்த்திசையில் போகிறார்கள். கூட இருந்த ஹவில்தார் ஒருவர் சேர்ந்தார், நாமும் சேர்வோம் என்று சேர்கிறார்கள். கோர்ஸ் முடிந்த பிறகுதான் வேலை தேடுகிறார்கள். படையில் ஒரு கோர்ஸுக்கு அனுப்பினால் அதை முடித்ததும் போஸ்டிங் தயாராக இருக்கும். அந்தப் பழக்கம் நமக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. வெளியே கோர்ஸ் நடத்துகிறவர் வேறு, வேலை கொடுக்கிறவர் வேறு.

டிஜிஆர் கோர்ஸ் என்கிறார்களே, அது என்ன? உருப்படியானதா?

டிஜிஆர் என்பது பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் டெல்லியில் இருக்கும் மறுவாழ்வு இயக்குநரகம். ஓய்வு பெறப்போகிறவர்களுக்குச் சில வாரங்கள் முதல் ஆறு மாதம் வரை பலவிதமான கோர்ஸ்களை வெளி நிறுவனங்கள் மூலம் நடத்துகிறது. ஜேசிஓக்களுக்கும் (சுபேதார் போன்றவர்கள்) அதற்குக் கீழுள்ள மற்ற ரேங்குகளுக்கும் கட்டணத்தை அரசே ஏற்கிறது. விண்ணப்பம் யூனிட் வழியாகப் போகும். இடங்கள் குறைவு. ஆகவே பட்டியல் வந்த அன்றே ஹெட் கிளார்க்கிடம் போய்ப் பாருங்கள்.

உருப்படியா என்றால், கோர்ஸைப் பொறுத்தது. பட்டியலில் நல்லதும் இருக்கும், நேரம் போக்குவதும் இருக்கும். "எப்படியும் இலவசம், ஊர்ப்பக்கம் மூன்று மாதம் இருக்கலாம்" என்று எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குடும்பத்தோடு இருக்கும் ஆசையைக் குறை சொல்ல மாட்டேன், பதினைந்து வருடம் பிரிந்து கிடந்தவர்கள். ஆனால் அதற்கு லீவு இருக்கிறது. இந்த வாய்ப்பைத் தொழிலுக்குப் பயன்படுத்துங்கள். சேரும் முன் அந்த நிறுவனத்தில் முந்தைய பேட்ச் முடித்தவர்கள் இரண்டு பேரையாவது போனில் பிடித்து, இப்போது என்ன வேலையில் இருக்கிறீர்கள் என்று கேளுங்கள்.

பதினைந்து வருட சர்வீஸ் டிகிரிக்குச் சமம்தானே? பிறகு எதற்கு டிகிரி படிக்க வேண்டும்?

பாதிதான் உண்மை. மத்திய அரசின் 1986 ஆணைப்படி, பத்தாவது தேறி, ராணுவத்தின் சிறப்புக் கல்விச் சான்றிதழோ கடற்படை, விமானப்படையில் அதற்கு இணையானதோ பெற்று, 15 ஆண்டுக்குக் குறையாமல் சர்வீஸ் முடித்தவரைப் பட்டப்படிப்பு கேட்கும் குரூப் சி (கிளார்க் போன்ற நிலை) பணிகளுக்குத் தகுதியானவராகக் கருதலாம். பொதுத்துறை வங்கிகளின் கிளார்க் தேர்விலும் இதை ஏற்கிறார்கள். மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையமான எஸ்எஸ்சி நடத்தும் பட்டதாரி நிலைத் தேர்விலும் உண்டு, அங்கே குரூப் சி பதவிகளுக்கு மட்டும்.

அது ஒரு சலுகை. பட்டம் அல்ல. அதை வைத்து பி.எட். சேர முடியாது, சட்டம் படிக்க முடியாது, எம்பிஏ படிக்க முடியாது. தனியார் நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் இருக்கும் இளம்பெண்ணுக்கு அந்த ஆணை இருப்பதே தெரியாது. அவர் கணினியில் "பட்டம்" என்ற கட்டம் காலியாக இருந்தால் உங்கள் விண்ணப்பம் அடுத்த கட்டத்துக்குப் போகாது. வங்கி கிளார்க் வேலையே உங்கள் இலக்கு என்றால் சலுகை போதும், தேர்வுக்குப் படியுங்கள். ஆசிரியர், வழக்கறிஞர், மேலாளர் என்று வேறு கனவு இருந்தால் பட்டம் வேண்டும். அதைச் சர்வீஸில் இருக்கும்போதே தொடங்குங்கள்.

நான் பத்தாவது முடித்ததும் சேர்ந்துவிட்டேன். நேராகத் திறந்தநிலையில் டிகிரி படிக்கலாமா?

இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். தமிழ்நாடு அரசு வேலைக்கு 10, 12, பட்டம் என்ற வரிசை முக்கியம். பன்னிரண்டாவது இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டத்தை அரசுப் பணிக்கு ஏற்பதில்லை. ஆகவே முதலில் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பன்னிரண்டாவதை முடித்துவிடுங்கள். பணியில் இருந்துகொண்டே எழுதலாம்.

பிறகு பட்டத்துக்கு இக்னோ (இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம்), தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவை உண்டு. எங்கே சேர்ந்தாலும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மட்டுமல்ல, நீங்கள் சேரும் அந்தப் பாடத்துக்கு, அந்த ஆண்டுக்கு, பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவு அனுமதி தந்திருக்கிறதா என்று யுஜிசி தளத்தில் நீங்களே பாருங்கள். பொறியியல், நர்சிங், மருந்தியல், சட்டம், ஓட்டல் மேலாண்மை போன்றவற்றைத் தொலைதூர முறையில் நடத்த யுஜிசி அனுமதிப்பதில்லை. "தபாலில் பி.இ." என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

ஃபயர் அண்ட் சேஃப்டி டிப்ளமோ எடுக்கலாமா? எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நான் பணம் இழந்த இடம் இது.

ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம் ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் ஒரு வருட டிப்ளமோவுக்கு 48,000 ரூபாய் கட்டினேன். வகுப்பு வாரத்துக்கு இரண்டு நாள். சிகப்பு சிலிண்டரைத் தூக்கிப் போட்டோ எடுத்தார்கள். "நூறு சதவீத வேலை" என்று எழுதிய நோட்டீஸை இன்னும் வைத்திருக்கிறேன். முடித்துவிட்டு ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலைக்குச் சான்றிதழோடு போனேன். அங்கிருந்த மேலாளர் மரியாதையாக உட்கார வைத்து, காபி கொடுத்து, விதி நகலைக் காட்டினார். சட்டப்படி நியமிக்கப்படும் பாதுகாப்பு அலுவலருக்குப் பொறியியல் பட்டமோ டிப்ளமோவோ, இல்லையென்றால் அறிவியல் பட்டமோ வேண்டும். அதோடு தொழிற்சாலை அனுபவம். அதற்கு மேல் அரசு அங்கீகரித்த தொழில் பாதுகாப்பு டிப்ளமோ. என்னிடம் முதல் படியே இல்லை. என் சான்றிதழ் அந்த அங்கீகாரப் பட்டியலிலும் இல்லை. "சார், உங்களை செக்யூரிட்டி சூப்பர்வைசராக எடுக்கலாம், அதற்கு இந்த கோர்ஸே தேவையில்லையே" என்றார். அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குப் பேச்சே வரவில்லை.

ஆகவே என் பதில் இது. இஎம்இ (ராணுவத்தின் மின், இயந்திரப் பொறியியல் பிரிவு), இன்ஜினியர்ஸ் போன்ற தொழில்நுட்பப் பிரிவில் இருந்து, கையில் பாலிடெக்னிக் டிப்ளமோவும் இருந்தால் இந்தத் துறை உங்களுக்கு நல்ல துறை. சென்னை தரமணியில் இருக்கும் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் தொழில் பாதுகாப்பு டிப்ளமோ நடத்துகிறது. அது மாதிரி அங்கீகாரம் உள்ள இடத்தில் சேருங்கள். வளைகுடா நாடுகளில் வேலை தேடுகிறவர்களுக்கு நெபோஷ் என்ற பிரிட்டன் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு. ஆங்கிலத்தில் எழுத வேண்டும், கட்டணமும் அதிகம். அந்த அடிப்படைத் தகுதி எதுவும் இல்லையென்றால் ஊர் பெயர் போட்ட "ஃபயர் அண்ட் சேஃப்டி" போர்டுகளைப் பார்த்ததும் கடந்து போய்விடுங்கள்.

செக்யூரிட்டி வேலைக்குத் தனியாகக் கோர்ஸ் படிக்க வேண்டுமா?

நீண்ட கோர்ஸ் எதுவும் வேண்டாம். தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2005இல் வந்தது. அதன் மாதிரி விதிகளின்படி புதிய காவலருக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப் பயிற்சியும். முன்னாள் படைவீரர்களுக்கும் முன்னாள் போலீஸாருக்கும் வகுப்பு 40 மணி, களம் 16 மணி, குறைந்தது ஏழு வேலை நாள். அவ்வளவுதான். இதை வேலைக்கு எடுக்கும் முகமையே ஏற்பாடு செய்யும். மூன்று மாத "செக்யூரிட்டி மேனேஜ்மென்ட்" என்று சொல்லி உங்களிடம் யாராவது பணம் கேட்டால் இந்த மணிக்கணக்கைச் சொல்லிக் கேள்வி கேளுங்கள்.

தமிழ்நாட்டில் முன்னாள் படைவீரர்களுக்காகவே அரசு 1986இல் தொடங்கிய டெக்ஸ்கோ நிறுவனம் இருக்கிறது. அரசு அலுவலகங்கள், பொதுத்துறை நிறுவனங்களுக்குக் காவலர், ஓட்டுநர் என்று ஆள் அனுப்புகிறது. கோர்ஸ் தேவையில்லை. பதிவு செய்து காத்திருக்க வேண்டும்.

கேட்டில் நிற்பது கௌரவக் குறைவு என்று நான் நினைப்பதில்லை. ஆனால் 38 வயதில் உடம்பும் மூளையும் தெம்பாக இருக்கும்போது, வேறு எதையும் முயன்று பார்க்காமலே அங்கே போய் நிற்காதீர்கள் என்றுதான் தம்பிகளிடம் மன்றாடுகிறேன்.

ட்ரோன் பயிற்சி?

ட்ரோன் விதிகள் 2021இன்படி பத்தாவது தேறிய, 18 முதல் 65 வயது வரை உள்ளவர் ரிமோட் பைலட் சான்றிதழ் பெறலாம். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ அங்கீகரித்த பயிற்சி நிறுவனத்தில்தான் படிக்க வேண்டும். சான்றிதழ் பத்து ஆண்டு செல்லும். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகமே இந்தப் பயிற்சி தருகிறது. சில நாள் பயிற்சிதான், ஆகவே லீவிலேயே முடித்துவிடலாம்.

எச்சரிக்கை ஒன்று. சான்றிதழ் இருந்தால் வேலை வந்துவிடாது. வயலுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன் பல லட்சம் ரூபாய். ஊரில் பத்து விவசாயிகள் ஏக்கருக்கு எவ்வளவு தருவார்கள், ஆண்டில் எத்தனை நாள் வேலை இருக்கும் என்று முதலில் வரப்பில் நடந்து விசாரியுங்கள். கணக்குக் கட்டுப்படியானால் சேருங்கள்.

நான் எம்டி டிரைவர், ராணுவ வண்டி ஓட்டியவன். எனக்குப் புதிதாக என்ன பயிற்சி?

புதிதாக ஒன்றும் தேவையில்லை, காகிதம்தான் தேவை. சிவில் கனரக வாகன உரிமம் செல்லுபடியாகும் நிலையில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பெட்ரோல், கேஸ், ரசாயன டேங்கர் ஓட்ட, மோட்டார் வாகன விதிகளின்படி மூன்று நாள் பயிற்சி முடித்து உரிமத்தில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். ஆறு மாத கோர்ஸைவிட இந்த மூன்று நாள் பயிற்சிக்குச் சம்பளம் கூடும். மலைப்பாதையில் கான்வாய் ஓட்டிய கை உங்களுடையது. அதைத் தேடுகிற முதலாளிகள் இருக்கிறார்கள்.

ஆர்மி மெடிக்கல் கோரில் நர்சிங் அசிஸ்டன்டாக இருந்தேன். தனியார் மருத்துவமனையில் நர்ஸ் ஆக முடியாதா?

மனதுக்குக் கஷ்டமான பதில். செவிலியர் கவுன்சிலில் பதிவு இல்லாமல் செவிலியராகப் பணிபுரிய முடியாது. அந்தப் பதிவுக்கு அங்கீகாரம் பெற்ற நர்சிங் படிப்பு வேண்டும். பனிமலையில் குண்டடி பட்டவரைக் காப்பாற்றிய அனுபவம் அந்தப் படிவத்தில் எழுத இடமில்லை. இது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் விதி இன்று இப்படித்தான் இருக்கிறது. சர்வீஸில் ஆய்வகம், எக்ஸ்ரே, அறுவை அரங்கு என்று தனிப் பயிற்சி எடுத்திருந்தால், அதற்குப் பல்கலைக்கழகம் தந்த டிப்ளமோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மூலச் சான்றிதழைக் கையில் வாங்காமல் யூனிட்டை விட்டு வராதீர்கள். இந்தத் துறைகளுக்கு 2021இல் தனிச் சட்டம் வந்துவிட்டது. இனி எல்லாமே பதிவை வைத்துத்தான் நடக்கும்.

நேவி, ஏர்ஃபோர்ஸ் ஆட்களுக்கு?

சுருக்கமாகச் சொல்கிறேன், என் அனுபவம் தரைப்படைதான். கடற்படையிலிருந்து வணிகக் கப்பலுக்குப் போக, கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த இடத்தில் எஸ்டிசிடபிள்யூ என்ற சர்வதேசக் கப்பல் பணியாளர் தர விதிகளின்படியான பாதுகாப்புப் பயிற்சிகளை முடிக்க வேண்டும். விமானப்படைத் தொழில்நுட்பப் பணியாளர் பயணி விமானங்களில் கையெழுத்துப் போடும் பொறியாளராக, டிஜிசிஏயின் உரிமத் தேர்வுகளை எழுத வேண்டும். படை அனுபவம் கணக்கில் வரும், ஆனால் சிவில் விமானப் பராமரிப்பிலும் குறிப்பிட்ட காலம் இருந்தாக வேண்டும்.

அப்படியானால் உங்கள் கணக்கில் எதுதான் நல்ல பயிற்சி?

பெரும்பாலானவர்களுக்கு, போட்டித் தேர்வுக்கான பயிற்சிதான். யாரும் இதை விளம்பரம் செய்வதில்லை, சுவரில் மாட்டச் சான்றிதழும் கிடைக்காது. ஆனால் மத்திய அரசில் குரூப் சி பணிகளில் 10 சதவீதமும், பொதுத்துறை நிறுவனங்களிலும் வங்கிகளிலும் அதே நிலையில் 14.5 சதவீதமும் நமக்கு ஒதுக்கீடு இருக்கிறது. பல தேர்வுகளில் தகுதி மதிப்பெண் எடுக்க ஆள் இல்லாமல் அந்த இடங்கள் நிரம்புவதே இல்லை. வயதும் தடையல்ல. மத்திய அரசு குரூப் சி பணிக்கு உங்கள் வயதிலிருந்து சர்வீஸ் வருடத்தைக் கழிப்பார்கள். மிச்சம் வரும் வயது, உச்ச வரம்பை மூன்று வருடத்துக்கு மேல் தாண்டக் கூடாது. 38 வயது, 17 வருட சர்வீஸ் என்றால் உங்கள் வயது 21 என்றாகிறது.

தடை எது என்றால் கணக்கும் ஆங்கிலமும். சதவீதம், விகிதம், வேகம்–தூரம் எல்லாம் எட்டாம் வகுப்புப் பாடம்தான், ஆனால் இருபது வருடமாகத் தொடவில்லை. தினம் இரண்டு மணி நேரம், எட்டு மாதம். நல்ல பயிற்சி மையம் அருகில் இருந்தால் சேருங்கள். இல்லையென்றால் பழைய வினாத்தாள்களும் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையனும் போதும். எங்கள் ஊரில் ஒரு நாயக், தன் ஒன்பதாம் வகுப்பு மகளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டே வங்கியில் சேர்ந்தார்.

தமிழையும் மறக்காதீர்கள். டிஎன்பிஎஸ்சி தேர்வுகளில் கட்டாயத் தமிழ்த் தகுதிப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்றதைத் திருத்தவே மாட்டார்கள். பதினேழு வருடம் இந்தியில் பேசி, ஆங்கிலத்தில் படிவம் நிரப்பிய கைக்குப் பத்தாம் வகுப்புத் தமிழ் இலக்கணம் தடுமாறும். பள்ளிப் பாடப்புத்தகங்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒதுக்கீடு ஒரு தடவைதானா?

அரசு வேலையில் ஒருமுறை சேர்ந்துவிட்டால் முன்னாள் படைவீரர் ஒதுக்கீடு முடிந்துவிடும் என்பது பொது விதி. ஆனால் முதல் வேலையில் சேரும் முன்பே வேறு இடங்களுக்கும் விண்ணப்பித்திருந்தால், சேர்ந்த உடனே அந்த விவரத்தை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். மத்திய அரசின் 2014 ஆணைப்படி அந்த விண்ணப்பங்களுக்கு உரிமை தொடரும். ஆகவே கிடைத்த முதல் சிறிய வேலையில் அவசரப்பட்டு உட்காரும் முன், தகுதியுள்ள எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.

சொந்தத் தொழில் செய்ய ஆசை. எதைப் படிப்பது?

தமிழக அரசின் "முதல்வரின் காக்கும் கரங்கள்" திட்டத்தில் முன்னாள் படைவீரர்கள் ஒரு கோடி ரூபாய் வரை கடன் பெறலாம். 30 சதவீதம் மூலதன மானியம், 3 சதவீதம் வட்டி மானியம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விவரம் கிடைக்கும். பயிற்சி என்று கேட்டால், நீங்கள் தொடங்க நினைக்கும் அதே தொழிலை நடத்துகிறவரிடம் ஆறு மாதம் சம்பளத்துக்கு வேலை பாருங்கள். கோழிப்பண்ணையோ மளிகைக்கடையோ, கடன் கேட்டு வருகிறவரை எப்படிச் சமாளிப்பது என்பதை எந்த வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை.

கோர்ஸுக்கு எவ்வளவு செலவழிக்கலாம்? பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கும் கம்யூட்டேஷன் பணம் வரும்.

கம்யூட்டேஷன், கிராஜுவிட்டி, லீவுப் பணம் எல்லாம் சேர்ந்து மொத்தமாக வரும் மாதத்தில்தான் உங்கள் வீட்டு வாசலில் புதுப்புது நண்பர்கள் தோன்றுவார்கள். அந்தப் பணத்தை முதல் ஆறு மாதம் எந்தக் கோர்ஸுக்கும் தொடாதீர்கள். மாதப் பென்ஷனில் கட்ட முடிகிற கட்டணம் என்றால் யோசிக்கலாம். மொத்தத்தையும் முன்பணமாகக் கேட்டால், வேலை உத்தரவாதத்தை முத்திரைத்தாளில் எழுதித் தரமாட்டேன் என்றால், முடித்தவர்களின் போன் எண்ணைத் தர மறுத்தால், எழுந்து வந்துவிடுங்கள்.

என் தம்பி அக்னிவீரன். அவனுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தாது. நான்கு ஆண்டு முடித்து வெளியே வருகிறவருக்குப் பென்ஷனும் இல்லை, முன்னாள் படைவீரர் தகுதியும் இல்லை, ஆகவே மேலே சொன்ன ஒதுக்கீட்டை அவன் நம்பியிருக்கக் கூடாது. பிஎஸ்எஃப், சிஆர்பிஎஃப் போன்ற மத்திய ஆயுதக் காவல் படைகளில் அக்னிவீரர்களுக்கென்று தனி ஒதுக்கீடும் வயதுத் தளர்வும் அறிவித்திருக்கிறார்கள், அதைக் கவனிக்கச் சொல்லுங்கள். வெளியே வரும்போது அவனுக்கு வயது பெரும்பாலும் இருபத்தைந்தைத் தாண்டியிருக்காது. பத்தாவதோடு சேர்ந்திருந்தால் பன்னிரண்டாவதை முடிக்க ஏற்பாடு உண்டு. அதன் பிறகு இக்னோ அக்னிவீரர்களுக்காகவே அமைத்த பட்டப்படிப்பில் பாதி மதிப்பலகு படைப் பயிற்சிக்கே கிடைக்கிறது. நான்கு ஆண்டு முடிவில் மொத்தமாக வரும் சேவா நிதியில் பைக் வாங்கும் முன் அந்தப் பட்டத்தை முடிக்கச் சொல்லுங்கள்.

என் வீட்டுக்காரருக்கு ஓய்வு வர ஏழு மாதம் இருக்கிறது. போஸ்டிங் எல்லையில், போன் சரியாகக் கிடைப்பதில்லை. வீட்டிலிருந்து நான் என்ன செய்வது?

நல்ல கேள்வி அம்மா, பாதி வேலை உங்கள் கையில்தான் இருக்கிறது. அவருடைய பத்தாம் வகுப்புச் சான்றிதழ், உங்கள் ஆதார், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பெயரும் தேதியும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். "லட்சுமி" ஒரு காகிதத்தில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் ஆங்கிலத்தில் இருக்கும். படை ஆவணத்தில் உங்கள் பெயர் எப்படிப் பதிவாகி இருக்கிறது என்று அவரிடம் கேட்டு ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் அவர் யூனிட்டில் இருக்கும்போதே பார்ட் டூ ஆர்டர் (படை ஆவணத்தில் மாற்றத்தைப் பதியும் உத்தரவு) போட்டுத் திருத்திவிடலாம். வெளியே வந்த பிறகு ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதி எழுதிக் காத்திருக்க நேரிடும். பிள்ளை கல்லூரியில் தொழிற்படிப்பில் சேரும்போது பிரதமர் கல்வி உதவித்தொகைக்கு, மாதம் பெண்ணுக்கு 3,000, பையனுக்கு 2,500 ரூபாய், விண்ணப்பிக்கவும் அதே பெயர்தான் ஒத்துப்போக வேண்டும். அடுத்த முறை அவர் போன் எடுக்கும்போது டிஜிஆர் பட்டியல் வந்துவிட்டதா என்றும் கேட்டுவிடுங்கள்.